மோதி மோதித்தான் அணி தேறுமா?

அமெரிக்காவின் வட கரோலினாவில் வசிக்கும் ஒரு தந்தை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் தேனிப் பக்கத்துக்காரர். கல்லூரி நாட்களில் கபடி ஆடியவர். இருபது வயது மகன் வேறொரு மாநிலத்தில், முதல் பிரிவில் ஆடும் கல்லூரி ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், பந்தோடு ஓடி வருபவனைத் தடுத்து வீழ்த்தும் லைன்பேக்கராக இருக்கிறான். விளையாட்டுக்கான உதவித்தொகையும் பெறுகிறான். இந்த சீசனில் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. அதன் பிறகு கோச், செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் முழுக் கவசம் அணிந்து, ஆளைத் தரையில் சாய்க்கும் வரை மோதும் பயிற்சியைக் கொண்டுவந்துவிட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் அணி வென்றது. "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? பலன் தெரிகிறதே" என்று எழுதுகிறார். மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. கோச்சைத் தொலைபேசியில் அழைத்துப் பேசியே தீருவேன் என்கிறாராம். வீட்டில் தினமும் வாக்குவாதம்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில் எழுதியதுபோல இன்னொரு செய்தி இருக்கிறது. பத்து நாளாக மகன் அறை விளக்கை அணைத்துவிட்டுத்தான் வீடியோ அழைப்பில் பேசுகிறான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறான். "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அப்பா" என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்ட கடும் பயிற்சியால் அணி உண்மையிலேயே தேறுமா, பெற்றோர் தலையிடலாமா, ஓய்வு எடுத்தால் உதவித்தொகை போய்விடுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்ற கேள்விகள் இரண்டு நாள் காத்திருந்தாலும் நட்டமில்லை. இது காத்திருக்காது.

தலைவலிக்கு இன்றே செய்ய வேண்டியது

தலையில் தொடர்ந்து அடி வாங்கும் ஒருவனுக்குப் பத்து நாளாகத் தலைவலி இருக்கிறது, வெளிச்சம் ஆகவில்லை என்றால், அதை மூளை அதிர்வு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் கன்கஷன் என்று சொல்வது இதைத்தான். பரிசோதித்த பிறகு வேறு காரணம் தெரியவரலாம். பரிசோதிக்கும் வரை அவன் களத்தில் இறங்கக் கூடாது. "மயங்கி விழவில்லையே" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான மூளை அதிர்வுகளில் யாரும் மயங்கி விழுவதில்லை. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அறிகுறிகளையும் நிலைதடுமாற்றம், நினைவாற்றல் சோதனைகளையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

வலி மாத்திரை வலியைத்தான் மறைக்கிறது. மூளை அதிர்ந்திருக்கும் நிலையிலேயே அவன் மறுநாளும் மோதுகிறான். அறிகுறி தெரிந்தவுடன் விலகியவர்களைவிட, மறைத்துத் தொடர்ந்து ஆடியவர்களுக்குக் குணமாக அதிக நாள் பிடிக்கிறது என்பது கல்லூரி வீரர்களை ஆராய்ந்தபோது தெளிவானது. மூளை அதிர்வுக்குப் பிறகு முழங்கால், கணுக்கால் காயங்களும் கூடுகின்றன. முதல் அதிர்வு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்து மூளை வேகமாக வீங்குவதும் உண்டு. மிக அரிது, ஆனால் நேர்ந்தால் உயிர் பிழைப்பது கடினம். அப்படி நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் உங்கள் மகனைப் போன்ற இளைஞர்கள்.

இன்று இரவு அவனிடம் சொல்லுங்கள்: "நாளைக் காலை பயிற்சிக்கு முன், வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரைப் பார்த்து, பத்து நாளாக இருப்பதை ஒன்று விடாமல் சொல்." தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். அறைத் தோழன் உடனே அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க வேண்டும். அந்தத் தோழனின் எண் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே வாங்கி வையுங்கள்.

நோய் உறுதியானால் முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, பிறகு மெதுவான நடை.  அதன் பிறகு மெல்லோட்டம், மோதல் இல்லாத பயிற்சி, வகுப்புக்கு முழுதாகத் திரும்பி மருத்துவரும் அனுமதித்த பின் மோதல் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் நிற்க வேண்டும். அறிகுறி திரும்பினால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

கடும் மோதலால் அணி தேறுமா?

உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை இந்த விளையாட்டிலேயே ஊறிப்போன ஒன்று. 1954-இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் புதிய கோச் பேர் பிரையன்ட், ஜங்ஷன் என்ற சிற்றூருக்கு வீரர்களை அழைத்துப் போய், வறட்சிக் கால வெயிலில் பத்து நாள் வதைத்தெடுத்தார். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓடிப்போனார்கள். தாக்குப்பிடித்தவர்களின் கதையை இன்றுவரை வீரக் கதையாகச் சொல்கிறார்கள். அந்த சீசனில் அந்த அணி ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று ஒன்பதில் தோற்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1956-இல் அதே கல்லூரி தோல்வியே இல்லாமல் தன் லீக் பட்டத்தை வென்றது உண்மைதான். இடையில் இரண்டு ஆண்டுகள் புதிய வீரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பட்டத்துக்கு அந்தப் பத்து நாள் முகாம்தான் காரணம் என்பது பிறகு சேர்த்துக்கொண்ட விளக்கம்.

எதிர்ப்பக்கத்தில் ஜான் கக்லியார்டியைப் பாருங்கள். மின்னசோட்டாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் 1953 முதல் 2012 வரை கோச்சாக இருந்தவர். அவருடைய பயிற்சியில் டேக்கிள் செய்து ஆளை வீழ்த்துவது அறவே கிடையாது. ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 489 வெற்றிகள், கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே அதிகம். நான்கு தேசியப் பட்டங்களும் உண்டு. சிறிய கல்லூரிகளின் பிரிவுதானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பிரிவில் அவரோடு மோதிய மற்ற அணிகளும் சிறிய கல்லூரிகள்தான். அவற்றில் பல, பயிற்சியில் ஆளை வீழ்த்திப் பழகியவை.

உங்கள் மகன் ஆடும் பிரிவிலிருந்தே ஓர் உதாரணம் டார்ட்மவுத் கல்லூரி. 2008-இல் பத்து ஆட்டங்களிலும் தோற்ற அணி. கோச் பட்டி டீவன்ஸ் 2010-இல் ஒரு முடிவு எடுத்தார்: பயிற்சியில் நம் வீரன் நம் வீரனை வீழ்த்தக் கூடாது. திண்டு, பொம்மை, உருளும் வளையம் இவற்றை மட்டும் டேக்கிள் செய்ய வேண்டும். பிறகு அந்தக் கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் ரிமோட்டில் ஓடி, திரும்பி, ஏமாற்றும் இயந்திரப் பொம்மை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தார்கள். ஆட்டத்தில் தவறவிடும் டேக்கிள்கள் குறைந்துவிட்டன என்று டீவன்ஸ் வெளிப்படையாகச் சொல்லிவந்தார். 2015, 2019, 2021 ஆண்டுகளில் டார்ட்மவுத், தான் ஆடும் எட்டு அணிகள் கொண்ட ஐவி லீகின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. 2016-இல் ஐவி லீகின் எட்டு கோச்சுகளும் ஒருமனதாக, போட்டிக் காலப் பயிற்சியில் முழு டேக்கிள் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வெற்றி தோல்வியில் வேலையே போகும் மனிதர்கள் அவர்கள். அணி கெட்டுவிடும் என்று நினைத்திருந்தால் கை தூக்கியிருக்க மாட்டார்கள்.

இதிலிருந்து மோதலைக் குறைத்தால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்ல வரவில்லை. டார்ட்மவுத்தின் எழுச்சியில் நல்ல வீரர்களைத் தேடிப் பிடித்ததற்கும் பங்கு இருக்கும். மோதலைக் குறைத்தால் அணி மழுங்கிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதே நேரத்தில், மோதலே தெரியாமல் ஒருவனை ஆட்டத்தில் இறக்குவதும் ஆபத்து. விழத் தெரியாத முதலாண்டு மாணவன், அடியின் வேகத்தை ஒரு முறையும் உணராமல் சனிக்கிழமை களத்துக்குப் போகக் கூடாது. கொஞ்சம் தேவை. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதில்தான் கோச்சின் திறமை இருக்கிறது.

நல்ல டேக்கிள் ஒன்றை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும். லைன்பேக்கர் பந்தோடு ஓடி வருபவனின் இடுப்பைப் பார்க்கிறான். தோளும் தலையும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. நேராகப் பாயாமல் அவன் போகப்போகும் இடத்துக்குக் கோணம் பிடித்து ஓடுகிறான். இடைவெளி குறையக் குறைய நீண்ட எட்டுகளைச் சிற்றெட்டுகளாக்குகிறான். எதிராளிக்கு அருகிலுள்ள தன் காலை அவன் காலருகே ஊன்றி, அதே பக்கத்துத் தோளை அவன் தொடையோடு சேர்த்து, தன் தலையை மோதும் வழியிலிருந்து விலக்கி, இரு கைகளாலும் கால்களைச் சுற்றி இறுக்குகிறான். இத்தனையில் உடலும் உடலும் தொடுவது கடைசி நொடியில்தான். டேக்கிள் தவறுவது பெரும்பாலும் அதற்கு முன்னால், கோணம் பிசகியதாலோ கால் தாமதமானதாலோ. அவற்றை ஆயிரம் முறை திருத்தலாம், ஒருவனையும் தரையில் சாய்க்க வேண்டியதில்லை. தோள் தொட்டவுடன் நிறுத்திக்கொள்ளும் அரை மோதல் பயிற்சியும் பெரும்பாலான அணிகளில் வழக்கத்தில் இருக்கிறது.

களைப்பு வேறு சேர்கிறது. ஆட்டம் சனிக்கிழமை. வியாழக்கிழமை முழு மோதல் என்றால், அதன் வலி உடம்பில் நன்றாக இறங்குவது வெள்ளிக்கிழமை இரவு. கனத்த கால்களோடு களமிறங்கும் லைன்பேக்கர் அரை எட்டு தாமதமாக வருவான். அந்த அரை எட்டை ஈடுகட்டத் தலையைக் குனிந்து பாய்வான். தலையில் அடிபடுவது இப்படியும்தான்.

ஐந்தாவது ஆட்டத்தின் வெற்றியைப் பெரிய சான்றாகக் காட்டுகிறீர்கள். நான்கில் தோற்ற அணி, கோச் எதையுமே மாற்றாமல் இருந்திருந்தாலும், அடுத்து ஒன்றில் வெல்ல நல்ல வாய்ப்பு இருந்தது. ஒற்றை ஆட்டத்தை வைத்து எந்தப் பயிற்சி முறையையும் எடை போட முடியாது.

அடி எங்கே விழுகிறது

"ஆட்டத்தில் படும் அடிதான் ஆபத்து, பயிற்சியில் சக வீரர்கள் பார்த்துத்தான் மோதுவார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு கல்லூரிகளின் 658 வீரர்களை 2015 முதல் 2019 வரை, ஹெல்மெட்டுக்குள் உணரிகள் பொருத்திக் கவனித்து, 2021-இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். மூளை அதிர்வுகளில் 72 சதவீதம் நேர்ந்தது பயிற்சியில். தலையில் விழுந்த அடிகளிலும் மூன்றில் இரண்டு பங்கு பயிற்சியில்தான். சீசனுக்கு முந்தைய சில வாரப் பயிற்சி, மொத்தக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் ஏறக்குறைய பாதி மூளை அதிர்வுகள் அந்த வாரங்களில் நேர்ந்தன. ஒரு மணி நேரத்துக்கு என்று கணக்கிட்டால் ஆட்டத்தில்தான் ஆபத்து கூடுதல். ஆனால் பயிற்சி நாட்கள் அவ்வளவு அதிகம் என்பதால் மொத்தச் சுமை பயிற்சியில் ஏறிவிடுகிறது. ஆட்டத்தின் வேகத்தை யாராலும் குறைக்க முடியாது. பயிற்சியின் அளவைக் கோச் நினைத்தால் நாளைக்கே குறைக்கலாம்.

பயிற்சியில் குறைத்தால் ஆட்டத்தில் தயாராக இல்லாமல் அடி வாங்குவானோ என்ற கவலை உங்களுக்கு வரலாம். விஸ்கான்சின் மாநிலத்தில் 2014-இல் உயர்நிலைப் பள்ளி அணிகளின் முழு மோதல் பயிற்சியை வாரத்துக்கு 60 நிமிடமாகக் குறைத்தபோது இதையும் பார்த்தார்கள். பயிற்சியில் நேரும் மூளை அதிர்வுகள் பாதிக்கு மேல் குறைந்தன. ஆட்டங்களில் அது கூடவில்லை.

நீண்ட காலப் பாதிப்பைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில், இறந்த கல்லூரி நிலை வீரர்கள் 53 பேரின் மூளையைப் பரிசோதித்ததில் 48 பேருக்கு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்ததாக 2017-இல் அறிவித்தார்கள். அந்த மூளைகளைத் தானமாகக் கொடுத்தவர்களில் பலர் ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பத்தினர். ஆகவே ஆடுகிற எல்லோருக்கும் இதே கதி என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஆடிய ஆண்டுகள் கூடக் கூட ஆபத்து கூடுகிறது. மூளை அதிர்வு என்று பெயர் வைக்காத சிறு அடிகளும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. செவ்வாய், புதன், வியாழன் மோதல்கள் எல்லாம் அந்தச் சிறு அடிகள்.

கபடியில் நீங்கள் கற்றது

உங்கள் அனுபவத்தை நான் தள்ளிவிடவில்லை. ரெய்டுக்கு வருபவனின் கணுக்காலைப் பிடித்துத் தொங்கும் நேரத்தில் பயப்படாமல் இருக்க, பிடித்துப் பிடித்துத்தான் பழக வேண்டும். ஆனால் கபடி ஆடுகளம் சிறியது. இருபது கஜம் ஓடி வேகமெடுத்து மோத அங்கே இடமில்லை. தலையில் கவசமும் இல்லாததால் தலையைத் தானாகவே விலக்கிக்கொள்கிறீர்கள். ஃபுட்பாலில் ஹெல்மெட் கொடுக்கும் தைரியத்தில் தலை முன்னால் போகிறது. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்தார்கள். சில வீரர்களுக்கு மட்டும், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் டேக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். யாரையும் வீழ்த்துவதில்லை, திண்டின் மீதுதான். சீசன் முடிவில் அவர்களுடைய தலையில் விழுந்த அடிகள் 28 சதவீதம் குறைந்திருந்தன. தலையை விலக்கும் பழக்கம் ஹெல்மெட் போட்ட பிறகும் தங்கியிருந்தது. உங்கள் மகனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய கபடிப் பாடம் இதுதான்.

கோச்சிடம் யார் பேசுவது?

உங்கள் மனைவியின் பயம் நியாயம். அதை நீங்கள் "பெண்களின் பயம்" என்று எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் மருத்துவ நோக்கில் சரியாகப் பார்த்தவர் அவர்தான். ஆனால் கோச்சை அழைப்பது நல்ல வழி அல்ல. மகனுக்கு இருபது வயது. அவன் எழுத்துப்பூர்வமாக அனுமதிக்காமல் மருத்துவ விவரத்தைக் கல்லூரி உங்களிடம் பேசாது. கோச்சும் பேசக் கூடாது. அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடும்படி மகனைக் கேளுங்கள். அதன் பிறகு அத்லெட்டிக் டிரெய்னரிடமும் அணி மருத்துவரிடமும் நீங்கள் இருவரும் நேரடியாகப் பேசலாம். உங்கள் கவலையை அனுமதி இல்லாமலே அவர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவிக்கலாம். அவர்கள் பதில் சொல்ல முடியாதே தவிர, படிக்கத் தடையில்லை. மகன் நாளைக் காலை போகவில்லை என்று தெரிந்தால் அதைச் செய்துவிடுங்கள். அவன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும்.

காயம்பட்ட வீரன் எப்போது திரும்புவான் என்ற முடிவு முதல் பிரிவுக் கல்லூரிகளில் மருத்துவக் குழுவுக்கு மட்டுமே உரியது. கோச் அதை மாற்ற முடியாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இது. மூளை அதிர்வு உறுதியான வீரன் அன்றே திரும்பவும் கூடாது.

பயிற்சியின் கடுமையைப் பற்றி முறையிட முடியுமா என்றால், விதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சிக்கு 2021-இல் என்.சி.ஏ.ஏ. கட்டாய வரம்பு விதித்தது: முழுக் கவசப் பயிற்சி ஒன்பது முறை மட்டும், ஒரு பயிற்சியில் முழு மோதல் 75 நிமிடத்துக்கு மேல் கூடாது, இருவரை எதிரெதிரே நிறுத்தி நேராக மோதவிடும் பழைய பயிற்சிகளுக்குத் தடை. போட்டிக் காலத்துக்கு இருப்பது பரிந்துரை: வாரத்தில் மூன்று நாள் மோதல் இல்லாமல் அல்லது மிகக் குறைவாக, முழு மோதல் ஒரு நாள், இன்னொரு நாள் முழு மோதலோ அரை மோதலோ. வாரத்துக்கு மூன்று நாள் முழு மோதல் அந்தப் பரிந்துரையைத் தாண்டுகிறது. இதைப் பெற்றோர் சொல்வதைவிட அணியின் மூத்த வீரர்கள் அணி மருத்துவரிடம் எடுத்துச் சொன்னால் பலன் உண்டு. அதற்குத் தேவையான தகவல் உங்கள் மகனிடம் இருக்கட்டும்.

உதவித்தொகை

உதவித்தொகை எந்தக் காலத்துக்கு வழங்கப்பட்டதோ, அந்தக் காலத்துக்குள் காயத்தையோ நோயையோ காரணம் காட்டி அதைக் குறைக்கவோ நிறுத்தவோ என்.சி.ஏ.ஏ. விதி அனுமதிப்பதில்லை. ஆகவே இந்த சீசனில் அவன் சில வாரம் வெளியே இருப்பதால் இந்த ஆண்டுப் பணம் போகாது. அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிப்பது பற்றிய இப்போதைய விதியைக் கல்லூரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஓராண்டுக்கா, பல ஆண்டுகளுக்கா என்று எடுத்துப் பாருங்கள். புதுப்பிக்க மறுத்தால் கல்லூரி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு வாய்ப்பும் தர வேண்டும். அப்போது அவன் பக்கம் பேசப்போவது, அறிகுறி தோன்றியதும் முறையாகத் தெரிவித்தான் என்ற மருத்துவப் பதிவு. மறைத்த காயத்துக்குப் பதிவே இருக்காது.

அவன் இந்த விளையாட்டைத் தொடரலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் இப்போது சொல்லப்போவதில்லை. முதல் தடவை என்றால், முழுதாகக் குணமான பிறகு பெரும்பாலானவர்கள் களத்துக்குத் திரும்புகிறார்கள். முன்பும் இப்படி ஆகியிருக்கிறதா, எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் ஆற எத்தனை நாள் பிடித்தது என்பதை வைத்து மருத்துவரும் அவனும் உட்கார்ந்து பேச வேண்டும். உயர்நிலைப் பள்ளி நாட்களில் தலையில் பட்ட அடிகளைப் பற்றி உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதி, ஆண்டு குறித்து, அவனுக்கு அனுப்பி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். நாளைப் பரிசோதனையின் முடிவையும் எனக்கு எழுதுங்கள்.